அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் தொடக்ககால அறிக்கைகளைப் படிக்கும் முறை

அமெரிக்காவின் பியூரோ ஆஃப் மைன்ஸ் எனப்படும் சுரங்கப் பணியகம் தன் முதல் இருபது ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கை எதையேனும் திறப்பதற்கு முன், ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அவற்றை எழுதிய பொறியாளர்களுக்கும் வேதியியலாளர்களுக்கும் எந்தச் சுரங்க முதலாளிக்கும் உத்தரவிடும் அதிகாரம் இருக்கவில்லை. 1910 மே 16 அன்று நிறைவேறி அவ்வாண்டு ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் பணியகத்தை உருவாக்கியது. மாநிலங்களில் உள்ள சுரங்கங்களை ஆய்வுசெய்யவோ மேற்பார்வையிடவோ அதன் அலுவலர் எவருக்கும் உரிமை அளிப்பதாக இச்சட்டத்தைப் பொருள்கொள்ளக் கூடாது என்றும் அதே சட்டம் வெளிப்படையாகக் கூறியது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் ஆய்வுக்காக நுழையும் உரிமை 1941-இல்தான் கிடைத்தது. உயிராபத்தான நிலையில் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம், அதுவும் ஓரளவுக்கு மட்டும், 1952-இல் வந்தது.

ஆகவே அந்த அறிக்கைகளில் 'பரிந்துரைக்கப்படுகிறது', 'விரும்பத்தக்கது' என்று மென்மையாக வரும் சொற்களைக் கண்டு, எழுதியவர்களுக்கு அக்கறை குறைவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1907-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 3,242 பேர் இறந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மோனோங்கா சுரங்கத்தில் 362 பேரும், அடுத்த இரண்டு வாரங்களுக்குள் பென்சில்வேனியாவின் டார் சுரங்கத்தில் 239 பேரும் வெடிப்புகளில் மாண்டார்கள். அந்தச் சாவுகளைத் தடுப்பதற்காக அமர்த்தப்பட்டவர்கள், சான்றை அடுக்கிக் காட்டி எதிராளியை ஒப்புக்கொள்ள வைப்பதைத் தவிர வேறு வழியில்லாத நிலையில் எழுதியவை இவை. அளவைக் குறிப்புகளும் நிபந்தனைகளும் சோதனை விவரங்களும் பக்கம் பக்கமாக நீள்வதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. அந்த விவரங்களைத் தாண்டிக் குதித்து முடிவுரைக்குப் போகிறவர், அறிக்கையின் உயிர்ப்பகுதியை விட்டுவிடுகிறார்.

எந்த வரிசை யாருக்காக

முதலில் கையில் இருப்பது எந்த வரிசையைச் சேர்ந்த வெளியீடு என்று பார்க்க வேண்டும். 'புல்லட்டின்' என்பது முடிவுற்ற பெரிய ஆய்வு. 'டெக்னிக்கல் பேப்பர்' என்பது ஒரு குறிப்பிட்ட சிக்கலைப் பற்றிய சிறிய ஆய்வு. 'மைனர்ஸ் சர்க்குலர்' தொழிலாளர்களுக்காக எளிய நடையில் எழுதப்பட்டது. 1919 முதல் வந்த 'ரிப்போர்ட்ஸ் ஆஃப் இன்வெஸ்டிகேஷன்ஸ்' ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே கிடைத்த முடிவுகளை விரைவாக வெளியே கொண்டுவந்தது. 1925 முதல் 'இன்பர்மேஷன் சர்க்குலர்' வரிசையும் சேர்ந்துகொண்டது. ஒரே பொருளைப் பற்றி மைனர்ஸ் சர்க்குலரும் புல்லட்டினும் இருந்தால், இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது நல்லது. சுரங்கத்தில் உண்மையில் என்னென்ன தவறுகள் நடந்தன என்பது தொழிலாளிக்குச் சொன்ன அறிவுரையில் தெரியும். அவை ஏன் ஆபத்தானவை என்பது புல்லட்டினில் கிடைக்கும்.

அடுத்து ஆண்டைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பணியகம் வெறுமையிலிருந்து தொடங்கவில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தொழில்நுட்பப் பிரிவு 1904 முதல் செய்துவந்த எரிபொருள் சோதனைகளையும், 1908-இல் பிட்ஸ்பர்க்கில் அமைத்த சோதனை நிலையத்தையும், அவற்றை நடத்திய ஜோசப் ஹோம்ஸையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஹோம்ஸே முதல் இயக்குநர் ஆனார். 1915-இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். இதனால் தொடக்க எண்களைக் கொண்ட புல்லட்டின்களில் சில, புவியியல் துறை வெளியிட்டவற்றின் மறுபதிப்புகளாக உள்ளன. நிலக்கரித் தூசியின் வெடிக்கும் தன்மையைப் பற்றிய புல்லட்டின் 20, அத்துறையின் புல்லட்டின் 425-இன் மறுபதிப்பு. நிலக்கரித் தொழிலாளர்களுக்கான வெடிமருந்துப் பாலபாடமாகிய புல்லட்டின் 17, அங்கே 423-ஆக வெளிவந்தது. 1911 என்று அட்டையில் கண்டு, உள்ளே உள்ள சோதனைகளும் அவ்வாண்டினவை என்று எழுதிவிட்டால் கால வரிசை தலைகீழாகிவிடும். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் முன்னுரையையும் படித்த பிறகே ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

துறையின் பெயரும் மாறும். பணியகம் 1925-இல் உள்துறையிலிருந்து வணிகத்துறைக்கு மாற்றப்பட்டு, 1934-இல் மீண்டும் உள்துறைக்கே திரும்பியது. நூலகப் பட்டியல்களில் ஒரு துறையின் பெயரில் மட்டும் தேடினால் இடையே ஒன்பது ஆண்டுகள் காணாமல் போகும். 1996-இல் பணியகமே மூடப்பட்டது. பாதுகாப்பு ஆய்வு பணியிடப் பாதுகாப்பு மற்றும் உடல்நலத்துக்கான தேசிய நிறுவனத்துக்கும், கனிமப் புள்ளிவிவரம் புவியியல் ஆய்வுத் துறைக்கும் சென்றன. அரசு வெளியீடுகள் என்பதால் இவற்றுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை; ஹாத்திட்ரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ், வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் பெரும்பகுதி கிடைக்கிறது. அச்சேறாத கடிதங்களும் கோப்புகளும் வேண்டுமானால் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 70-ஆம் பதிவுத் தொகுதியில் தேட வேண்டும்.

நிபந்தனையைப் படிக்காமல் சொல்லைப் படிக்கக் கூடாது

தொடக்கக்கால அறிக்கைகளில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் 'பெர்மிஸிபிள்', அதாவது 'அனுமதிக்கத்தக்க' வெடிமருந்து என்பது. பிட்ஸ்பர்க்கில் நூறு அடி நீளமும் ஏறத்தாழ 6 அடி 4 அங்குல விட்டமும் கொண்ட எஃகு உருளை ஒன்றில் எரிவாயுவையும் நிலக்கரித் தூசியையும் நிரப்பி, அதற்குள் வெடிமருந்தைச் சுட்டுப் பார்ப்பார்கள். உள்ளே உள்ள கலவை தீப்பற்றவில்லை என்றால் அம்மருந்து பட்டியலில் சேரும். முதல் பட்டியல் 1909 மே மாதம் வந்தது. பட்டியலை மட்டும் பார்க்கிறவர், இந்த மருந்து பாதுகாப்பானது என்று அரசு சான்று வழங்கிவிட்டதாக நினைப்பார். பட்டியலுக்கு முன்னே அச்சிடப்பட்டிருக்கும் நிபந்தனைகளைப் படித்தால் கதை வேறு. விற்கப்படும் மருந்து எல்லா வகையிலும் சோதனைக்கு வந்த மாதிரியை ஒத்திருக்க வேண்டும். மருந்தை வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டர் குறிப்பிட்ட வலிமைக்குக் குறையாததாக இருக்க வேண்டும். உறைந்திருந்தால் முறையாக உருக்கிய பிறகே சுட வேண்டும். மருந்து இடுவதற்காகத் துளைத்த ஒரு குழிக்கு ஒன்றரை ராத்தல், அதாவது 680 கிராமுக்கு மேல் போகக் கூடாது. களிமண் போன்ற எரியாத பொருளால் குழியை அடைக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த மருந்து அந்தக் கணமே அனுமதிக்கத்தக்கது அல்லாததாகிவிடும். குழியை நிலக்கரித் தூளாலேயே அடைக்கும் பழக்கம் அக்காலச் சுரங்கங்களில் பரவலாக இருந்தது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்த்தால், நிபந்தனையின் ஒவ்வொரு சொல்லும் யாரை நோக்கி எழுதப்பட்டது என்று புரியும்.

வலிமையைக் குறிக்கும் எண்ணையும் இப்படியே படிக்க வேண்டும். தொங்கும் பீரங்கி ஊசலைக் கொண்டு அளக்கும்போது, 227 கிராம் எடையுள்ள 40 சதவீத நைட்ரோகிளிசரின் டைனமைட்டை அளவுகோலாக வைத்து, அதே விலக்கத்தைத் தருவதற்கு மற்ற மருந்து எத்தனை கிராம் வேண்டும் என்று குறித்தார்கள். எண் பெரிதானால் மருந்து வலிமை குறைந்தது என்று பொருள். அட்டவணையை அவசரமாகப் பார்ப்பவர் இதை நேர்மாறாக எடுத்துக்கொள்வது எளிது.

நிலக்கரித் தூசி அறிக்கைகளுக்கு நான் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்வேன். மீத்தேன் இல்லாமல் தூசி மட்டுமே வெடிக்கும் என்பதை அக்காலச் சுரங்க மேலாளர்களிலும் தொழிலாளர்களிலும் பலர் நம்பவில்லை. பிரான்சில் 1906-இல் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் இறந்த பிறகும் ஐயம் நீங்கவில்லை. பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே புரூஸ்டன் என்ற இடத்தில் பணியகம் ஒரு சோதனைச் சுரங்கத்தையே தோண்டி, 1911 அக்டோபர் 30 அன்று, அழைக்கப்பட்ட சுரங்கத் துறையினர் பார்த்துக்கொண்டிருக்க, அதற்குள் தூசியை வெடிக்கச் செய்தது. ஜார்ஜ் ரைஸின் தலைமையில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த அச்சோதனைகளில், 1913 முதல் 1918 வரையிலானவை 1922-இல் வெளிவந்த புல்லட்டின் 167-இல் உள்ளன. அதைப் படிக்கும்போது ஒவ்வொரு சோதனைக்கும் ஐந்து விவரங்களைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அடுக்கின் நிலக்கரி, எவ்வளவு நுண்மையாக அரைக்கப்பட்டது, சுரங்கப் பாதையின் ஓர் அடி நீளத்துக்கு எவ்வளவு தூவப்பட்டது, எரியாத பொருள் எத்தனை சதவீதம், தீ எதனால் மூட்டப்பட்டது. இவற்றில் ஒன்று விடுபட்டாலும், இத்தனை சதவீதம் பாறைத்தூள் கலந்தால் வெடிப்பு பரவாது என்ற முடிவை வேறு சுரங்கத்துக்குப் பொருத்த முடியாது. பெரும்பாலான சோதனைகள் பிட்ஸ்பர்க் அடுக்கின் நிலக்கரியைக் கொண்டு நடந்தவை. ஆவியாகும் பொருள் மிகக் குறைந்த ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரியின் தூசி அதைப் போல நடந்துகொள்ளாது.

அலகுகள் அச்சுறுத்த வேண்டியதில்லை. 20 கண் சல்லடை என்றால் துளை ஏறத்தாழ 0.84 மில்லிமீட்டர், 200 கண் என்றால் 74 மைக்ரான். கன அடிக்கு இத்தனை அவுன்ஸ் என்று வரும் தூசி அடர்த்தியை, எண்ணை மாற்றாமலே கன மீட்டருக்கு அத்தனை கிலோகிராம் என்று படித்துக்கொள்ளலாம். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். கன அடிக்கு 0.05 அவுன்ஸ் என்றால் கன மீட்டருக்கு 50 கிராம்.

நிலக்கரிப் பகுப்பாய்வு அட்டவணைகள்

புல்லட்டின் 22 என்ற இரு பகுதி நூலில், நாடு முழுவதும் எடுக்கப்பட்ட நிலக்கரி மாதிரிகளின் பகுப்பாய்வுகள் உள்ளன. அதைத் திறப்பதற்கு முன், சுரங்கத்தில் நிலக்கரி மாதிரி எடுப்பதைப் பற்றி ஹோம்ஸே எழுதிய டெக்னிக்கல் பேப்பர் 1-ஐப் படித்துவிட வேண்டும். மாதிரி எடுப்பவர் சுரங்க முகப்பில் மேற்கூரை முதல் தளம் வரை சீரான அகலத்தில் ஒரு வாய்க்காலைப் போல வெட்டுவார். முக்கால் அங்குலத்தில் பாதிக்கு, அதாவது எட்டில் மூன்று அங்குலத்துக்கு, மேற்பட்ட தடிப்புள்ள கல் இடையீடுகளை ஒதுக்கிவிடுவார். வெட்டியதை அங்கேயே நொறுக்கி, சலித்து, நான்காகப் பகுத்துக் குறைத்து, ஈரம் போகாதபடி தகர டப்பாவில் இட்டு ஒட்டுநாடாவால் மூடி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். இதன் விளைவு என்ன? இந்த மாதிரியில் வரும் சாம்பல் அளவு, இடையீடுகளை ஒழுங்காகப் பொறுக்கி நீக்கும் சுரங்கத்தின் நிலக்கரிக்குப் பொருந்தும். அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றி அனுப்பும் சுரங்கத்தின் நிலக்கரியில் சாம்பல் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே சுரங்க மாதிரியையும் ரயில் பெட்டியில் எடுத்த மாதிரியையும் ஒரே நிரலில் கலந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு மாதிரிக்கும் பல வரிகள் இருக்கும்: வந்தபடியே, காற்றில் உலர்த்தியபின், ஈரமின்றி, ஈரமும் சாம்பலும் இன்றி என. அடுக்குகளை ஒப்பிட வேண்டுமானால் கடைசி வரியையும், வாங்கி எரிப்பவருக்கு என்ன கிடைத்தது என்று அறிய வேண்டுமானால் முதல் வரியையும் எடுக்க வேண்டும். ராத்தலுக்கு இத்தனை பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) என்ற வெப்ப மதிப்பை 2.326-ஆல் பெருக்கினால் கிலோகிராமுக்கு இத்தனை கிலோஜூல் என்று கிடைக்கும்.

சாவு விகிதங்கள்

இந்தப் பகுதியில்தான் நான் முன்பு தவறினேன். ஆதலால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆல்பர்ட் ஃபே தொகுத்த புல்லட்டின் 115, 1870 முதல் 1914 வரை நிலக்கரிச் சுரங்கச் சாவுகளை மாநில வாரியாகத் தருகிறது. அதில் 'ஆயிரம் தொழிலாளர்களுக்கு' என்று ஒரு விகிதமும், '300 நாள் தொழிலாளர் ஆயிரவருக்கு' என்று மற்றொன்றும் வரும். வேலைக்கு இருந்தவர் எண்ணிக்கையை நானே வகுத்துக் கண்ட விகிதத்தை இரண்டாவதோடு ஒப்பிட்டு, ஒரு மாநிலத்தில் பாதுகாப்பு திடீரெனச் சீர்கெட்டதாக எழுதிவிட்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு சுரங்கத்தில் 1,000 பேர் ஆண்டுக்கு 200 நாட்கள் மட்டும் வேலை செய்து, மூவர் இறந்ததாகக் கொள்வோம். தலைகளை எண்ணினால் விகிதம் 3. ஆனால் 1,000 பேரின் 200 நாள் உழைப்பு, 300 நாள் கணக்கில் 667 பேருக்குச் சமம். அப்போது விகிதம் 4.5 ஆகிறது. நிலக்கரிச் சுரங்கங்கள் ஆண்டின் பல நாட்கள் மூடிக்கிடந்த அக்காலத்தில், உண்மையில் ஆபத்துக்கு உட்பட்டிருந்த நேரத்தைக் காட்டுவது இரண்டாவது விகிதமே. ஒப்பீட்டுக்கு அதையே எடுக்க வேண்டும். எடுத்ததைக் குறிப்பிடவும் வேண்டும்.

பத்து லட்சம் டன்னுக்கு இத்தனை சாவு என்ற விகிதத்தில் டன் எது என்று கேட்க வேண்டும். பென்சில்வேனியா ஆந்த்ரசைட்டைப் பெரும்பாலும் 2,240 ராத்தல் கொண்ட நீள் டன்னிலும், பிற நிலக்கரியை 2,000 ராத்தல் கொண்ட குறு டன்னிலும் கணக்கிட்டார்கள். இந்த வேறுபாடு மட்டுமே 12 சதவீதம். பணியகத்துக்குத் தகவல் கேட்டு வாங்கும் கட்டாய அதிகாரம் இல்லாததால், எண்கள் மாநில ஆய்வாளர்களிடமிருந்தும் சுரங்கங்களிடமிருந்தும் வந்தன. எந்தச் சுரங்கம் சட்டத்தின்கீழ் வரும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. அட்டவணையின் அடிக்குறிப்புகளைப் படிக்காமல் இரு மாநிலங்களை ஒப்பிட வேண்டாம்.

காரணங்களின் நிரலையும் கவனியுங்கள். செய்தித்தாள்களை நிறைத்தவை வெடிப்புகள். ஆனால் சாவுகளில் ஏறக்குறைய பாதி, கூரையும் நிலக்கரியும் சரிந்து விழுந்து ஒருவர், இருவராக நேர்ந்தவை. பெருவிபத்துப் பட்டியலை மட்டும் வைத்து அக்காலச் சுரங்க வாழ்வைப் பற்றி எழுதுவது, இறந்தவர்களில் பெரும்பாலோரை விட்டுவிட்டு எழுதுவதாகும்.

கல்தூசியும் நுரையீரலும்

மிசூரி மாநிலத்தின் ஜாப்லின் பகுதியில் துத்தநாக, ஈயச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயைப் பற்றி, பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த மருத்துவர் லான்சாவும் பணியகத்தின் பொறியாளர் ஹிக்கின்ஸும் ஆராய்ந்தனர். முதற்கட்ட முடிவு 1915-இல் டெக்னிக்கல் பேப்பர் 105-ஆகவும், முழு அறிக்கை 1917-இல் புல்லட்டின் 132-ஆகவும் வந்தன. காற்றைச் சர்க்கரை நிரப்பிய குழாய் வழியே இழுத்து, பிறகு சர்க்கரையை நீரில் கரைத்து, எஞ்சிய தூசியை எடைபோட்டார்கள். ஆகவே எண்கள் நூறு லிட்டர் காற்றுக்கு இத்தனை மில்லிகிராம் என்று உள்ளன. 1922-இல் காற்றிலுள்ள தூசியை நீர்மத்தில் பிடிக்கும் கிரீன்பர்க்-ஸ்மித் இம்பிஞ்சர் கருவி வந்தபின், கன அடிக்கு இத்தனை பத்து லட்சம் துகள்கள் என்று எண்ணத் தொடங்கினார்கள். எடையை எண்ணிக்கையாக மாற்ற நேர்வழி இல்லை. இரு காலத்து எண்களையும் ஒரே வரைபடத்தில் இணைக்காமல், தனித்தனியாகவே வையுங்கள்.

பெட்ரோலியம்

எண்ணெய் ஆய்வு 1914-ஐ ஒட்டி வலுப்பெற்று, 1918-இல் ஓக்லஹோமாவின் பார்ட்ல்ஸ்வில்லில் சோதனை நிலையமாக நிலைகொண்டது. இங்கே தலையாய கவலை எண்ணெயும் எரிவாயுவும் வீணாவது. எண்ணெயைத் தேடித் துளைத்தவர்கள் இயற்கை எரிவாயுவைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். சேறு கலந்த நீர்மத்தைக் கிணற்றில் நிரப்பி வாயு அடுக்கை அடக்கும் முறையை டெக்னிக்கல் பேப்பர் 66-உம் புல்லட்டின் 134-உம் விளக்குகின்றன. மணற்பாறையில் தங்கிவிடும் எண்ணெயை மீட்பது பற்றிய புல்லட்டின் 148, தொட்டிகளிலிருந்து ஆவியாகிப் போகும் எண்ணெயைப் பற்றிய புல்லட்டின் 200 ஆகியவற்றையும் இவற்றோடு சேர்த்துப் படிக்கலாம்.

எண்ணெயின் அடர்த்தியைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை. 1921-இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. அளவு ஏற்கப்படுவதற்கு முந்தைய அறிக்கைகளில் பாமே என்ற பழைய அடர்த்தி அளவே இருக்கும். பாமேயில் 140-ஐ, 130-உடன் அளவைக் கூட்டி வந்த எண்ணால் வகுக்க வேண்டும், ஏ.பி.ஐ.யில் 141.5-ஐ, 131.5-உடன் கூட்டி வந்ததால் வகுக்க வேண்டும். 35 என்ற எண்ணுக்கு முதலாவது 0.8485 என்றும், இரண்டாவது 0.8498 என்றும் ஒப்படர்த்தி தரும். வேறுபாடு சிறிதுதான், ஆனால் ஆயிரக்கணக்கான பீப்பாய்களைக் கணக்கிடும் இடத்தில் அது எடையில் தெரியும். பீப்பாய் என்பது 42 அமெரிக்க கேலன், அதாவது ஏறத்தாழ 159 லிட்டர்.

ஒரு விபத்தைத் தொடர்ந்து செல்வது

குறிப்பிட்ட ஒரு வெடிப்பைப் பற்றி அறிய விரும்புபவர் 1960-இல் வெளிவந்த புல்லட்டின் 586-இலிருந்து தொடங்கலாம். 1810 முதல் 1958 வரையிலான நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளை அது சுருக்கமாகத் தொகுத்துள்ளது. அங்கே நாளையும் இடத்தையும் எடுத்துக்கொண்டு அம்மாநில ஆய்வாளரின் ஆண்டறிக்கைக்குச் செல்ல வேண்டும். அதன் பிறகு பணியகத்தின் விசாரணை அறிக்கை கிடைக்கிறதா என்று தேட வேண்டும். இரண்டும் முரண்பட்டால், யாருக்கு எந்தப் பொறுப்பு இருந்தது என்பதை நினைவில் வைத்து எடைபோடுங்கள்: மாநில ஆய்வாளர் தாம் முன்பே பார்த்துக் கையெழுத்திட்ட சுரங்கத்தைப் பற்றி எழுதுகிறார், பணியகத்தின் பொறியாளர் உரிமையாளரின் இசைவோடு உள்ளே வந்தவர்.

டென்னசியின் பிரைஸ்வில் அருகே கிராஸ் மவுண்டன் சுரங்கத்தில் 1911 டிசம்பர் 9 அன்று நடந்த வெடிப்பு, இப்படிப் படித்துப் பழகுவதற்கு ஏற்றது. உள்ளே இருந்த 89 பேரில் 84 பேர் இறந்தனர். ஐவர் உயிருடன் மீட்கப்பட்டனர். மீட்புக்காகப் பணியகத்தின் குழு மூச்சுக் கருவிகளோடு வந்திருந்தது. மீட்பவர்கள் சுமந்து சென்ற பறவைகளைப் பற்றி ஜார்ஜ் பரெல் எழுதிய டெக்னிக்கல் பேப்பர் 11 அடுத்த ஆண்டே வெளிவந்தது. கார்பன் மோனாக்சைடைக் கண்டறிய எலிகளைவிடக் கேனரிப் பறவைகளே ஏற்றவை என்று அது காட்டுகிறது. விபத்து அறிக்கையில் எந்த இடத்தில் எந்த நேரத்தில் பறவை சோர்ந்து விழுந்தது என்று வரும் குறிப்பைச் சுரங்கத்தின் வரைபடத்தில் புள்ளியிட்டுக் கொண்டே போனால், நச்சுக்காற்று எந்தப் பாதைகளில் தேங்கியிருந்தது என்பதும், தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கியவர்கள் பிழைத்தது எப்படி என்பதும் தாளில் துலங்கும்.